கண்ணாடி இல்லாத வண்டியில் நான் ஏறமாட்டேன்

மாத்தளை,
ஞாயிறு.

தம்புள்ளை மரக்கறி முதலாளி, அன்புள்ள மச்சான் தர்மேந்திரனுக்கு,

முத்துமாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காவும் நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்: செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு நான் வரமாட்டேன்.

போன வருஷம் தலையில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள், சரி என்றேன். மிச்சத்தைச் சுட என்று கதிர்க் கரன்ட் பிடித்தார்கள், சரி என்றேன். பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள், அதற்கும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கட்டி திரும்பி வந்ததா, கரன்ட் சுட்ட தழும்பா என்று சாதாரணப் படத்தில் தெரியாதாம். டொக்டர் நுஸ்லா பொறுமையாகத்தான் சொன்னார்: "ஐயா, இது படம் மட்டும் இல்ல. அந்த எடத்துல என்னென்ன ரசாயனம் இருக்குனு மெஷின் பாத்து மலை மலையா கோடு போடும். கோலீன்னு ஒரு ரசாயனம், அதோட மலை ஒசந்திருந்தா கட்டி. எல்லா மலையும் படுத்துட்டா தழும்பு." ரிவர்ஸ்டன் ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு மலையைக் காட்டுகிறார்! மலை உயர்ந்தால் மறுபடி வெட்டு என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

போன மாதம் அந்த ஸ்கேன் அறையில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வண்டி புறப்படுமுன் சக்கரத்தடியில் தேசிக்காய் வைப்பது வழக்கம். கட்டில் சக்கரத்தடியில் வைத்தேன். நசுங்கி நர்ஸ் மிஸ்ஸின் வெள்ளை உடுப்பில் தெறித்தால் நான் என்ன செய்ய? பிறகு கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "முடியலேன்னா அமுக்குங்க" என்றார்கள். அமுக்கினேன், நிறுத்தினார்கள். மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அமுக்கினேன். பெல் அடித்தால் நிறுத்தத்தானே வேண்டும், அதில் என்ன கோபம்? "ஐயா, இது பஸ் இல்ல!" என்று கத்தினார் மிஸ். அதைத்தான் நானும் சொல்கிறேன். தலைப்பக்கமாக மெஷின் குழாய்க்குள் ரிவர்ஸில் ஏற்றுகிறார்கள், ஓட்டுகிறவர் வேறு அறையில், பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி கூடக் கிடையாது. அந்த வண்டியில் ஏறமாட்டேன். வளைவில் ஹோர்ன் அடிக்காமல் திருப்பும் உங்கள் வேனிலும் ஏறமாட்டேன். தலை என்னுடையது.

முத்துமாரி உங்களையும், உங்கள் வேனையும், அதற்கு எதிரே வருகிறவர்களையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, மனம் மாறாத அத்தான்,
இராசமாணிக்கம்

பி.கு.: இன்று புதன். இதைத் தபாலில் போடுமுன் உங்கள் அக்கா வாசித்துவிட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நேற்று பஸ்ஸில் ஸ்கேனுக்குப் போய்வந்தோம். கண்ணாடி இருக்கிறது மச்சான், சரியாகக் கண்ணுக்கு மேலே. போன தடவை கண்ணை இறுக்கி மூடியிருந்தேன், அதனால் தெரியவில்லை. ஜன்னலுக்கு அப்பால் உங்கள் அக்கா நிற்பது அதில் தெரிந்தது. பந்தை அமுக்கவேயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம். எனக்குப் பயமாயிருக்கிறது. வேனைக் கொண்டுவாருங்கள். நீங்களே ஓட்டுங்கள்.