கிளட்சுக்கு எத்தனை மிதி

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணி முடித்த விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது இருபத்தாறு வயதில் முற்றியது. அதனால் ஒரு நல்ல மனிதரின் வேலை போகப் பார்த்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி அரவை ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆலைக்கு ஒரு பிக்கப் வண்டி இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. நான் ஆலையில் சேரும்போதே அது பழைய வண்டி. ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து பருத்திப் பொதி ஏற்றி வருவது அதன் வேலை. ஓட்டியவர் அருளப்பன். பாலவனத்தத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மூன்று பெண் குழந்தைகளின் தகப்பனார்.

உதிரிச் சாமான் எதுவும் கிடைக்காது. கப்பலில் வந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கியர் பெட்டி போனால் வண்டியை மாட்டுக் கொட்டத்தில்தான் கட்ட வேண்டும் என்று முதலாளி அடிக்கடி சொல்லுவார். (அவுக குடும்பம் தலைமுறை தலைமுறையா சம்சாரி, காடுகரை வெள்ளாமைதான். எந்தக் கஷ்டத்தையும் மாட்டை வைத்துத்தான் சொல்லுவார்.) ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து லேசாக ஒரு முனகல் கேட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை, யாரும் கொடுக்காமலே, நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் அருளப்பன் பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து போனேன். அவர் கியர் மாற்றினால் இடது பக்கம் ஒரு கோடு. கிளட்சை மிதித்தால் வலது பக்கம் ஒரு கோடு. (வண்டிப்பாதையில் போட்ட கோடெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். சாயங்காலம் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுப்பேன்.) ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மனிதர் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதித்தார். ஒரு மிதி, கியர் கம்பி நடுவுக்கு வரும். காலை எடுப்பார். மறுபடி ஒரு மிதி, அப்புறம்தான் கியர் விழும்.

விருதுநகரில் என் மச்சான் ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். அதை நாலு ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் ஓட்டிப் பழகியிருந்தேன். அதில் ஒரே மிதிதான். ஆகவே இரண்டாவது மிதி வீண். வீண் மிதிதான் பெட்டியைத் தேய்க்கிறது. இது போதாதென்று வாசகசாலையில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை கையில் அகப்பட்டது. அமெரிக்காவில் கிளட்ச் மிதியே இல்லாத கார் வந்துவிட்டதாம், கியர் தானாகவே மாறிக்கொள்ளுமாம். மனிதக் கால் படாத பெட்டி காலத்துக்கும் உழைக்கும் என்று முடிவு கட்டினேன். பத்திரிகை அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அந்தக் காரைப் பற்றி அருளப்பனிடமே ஒரு தடவை பேச்சுக் கொடுத்தேன். கியர் கம்பியைப் பிடித்தபடியே சொன்னார்.

"தானா மாறினாலும் உள்ள சக்கரம் சுத்தத்தான செய்யும், குமாஸ்தாய்யா? இந்தப் பெட்டிக்கு ஒரு நோவுன்னா மொதல்ல என் கைக்குத் தெரிஞ்சிரும். அதுல யாருக்குத் தெரியும்?"

இதை நான் நோட்டில் எழுதவில்லை. அதில் எண் எதுவும் இல்லை.

நாலு பக்கத்துக்கு அறிக்கை தயாரித்து முதலாளியிடம் கொடுத்தேன். அழகான கையெழுத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புகிறவர் அவர். அடுத்த மாதத்துக்கு வேறு டிரைவர் பார்க்கச் சொல்லிவிட்டார். என் கோடுகளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருளப்பன் சண்டை போடவில்லை. ஒரே மிதியில் அந்த வண்டியை யாராவது லோடோடு ஓட்டிக் காட்டினால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நானே ஓட்டுறேன்" என்றேன்.

மறுநாள் ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் லோடு ஏற்றினோம். நான் ஸ்டியரிங்கில், பக்கத்தில் முதலாளி, பின்னால் பொதிகளின் மேல் அருளப்பன். கோடையில் அங்கே வற்றிய கண்மாய்க்குள்ளேதான் பாதை. அதைக் கடந்து கரையேற வேண்டும். சமதளத்தில் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் கரகரத்துவிட்டு விழுந்தது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

கரையேற்றத்தில் பாதியில் எஞ்சின் திணறியது. கீழ்க் கியருக்கு வர வேண்டும். ஒரே மிதி மிதித்துக் கம்பியை இழுத்தேன். உள்ளே ஆட்டுக்கல்லில் ஆணியைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம். வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து அமுக்கினேன். (அப்ப ஸ்டியரிங்கை யாரு பிடிச்சிருந்தான்னு கேக்காதீங்க.) டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் வண்டி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாதையை விட்டு விலகிப் பின்னாலேயே இறங்கிப் போய், கண்மாய்ப் பள்ளத்தில் கோடையிலும் காயாமல் கிடந்த சேற்றில் அச்சு வரைக்கும் உட்கார்ந்தது. பொதிகள் ஒவ்வொன்றாக உருண்டன. ஒரு பொதியோடு அருளப்பனும் வந்து சேர்ந்தார். முதலாளி முழங்கால் சேற்றில் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

மூன்று ஜோடி மாடு கட்டி அருப்புக்கோட்டைக்கு இழுத்து வந்தோம். நான் நோட்டோடு பின்னால் நடந்தேன். வண்டிக்காரர் ஒருவர் மற்றவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏலே, மாட்டுக்கு எத்தன கியருன்னு கேட்டா எழுதிக்கிருவாருல்ல?"

பட்டறையில் பெட்டியைத் திறந்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். அத்தனை வருஷம் ஓடிய பற்கள் லேசாக மழுங்கி, எண்ணெய் மினுங்க, வரிசையாக இருந்தன. ஒரு சக்கரத்தில் மட்டும் மூன்று பல் இல்லை. உடைந்த இடம் புதுசாகப் பளபளத்தது. முனகலுக்குக் காரணம் ஓரத்தில் ஒரு தேய்ந்த பேரிங். அதற்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே இல்லை.

மெக்கானிக் முதலாளியிடம் நிதானமாகச் சொன்னார்: "இந்தச் சாதிப் பெட்டிக்கு ரெண்டு மிதி வேணும் முதலாளி. ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்தாத்தான் பல்லு பல்லோட சேரும். புதுக் காருகள்ல அதுக்கு உள்ளயே ஒரு ஏற்பாடு இருக்கு. இதுல அந்த ஏற்பாடு இந்த டிரைவரு காலுதான்."

முதலாளி உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அருளப்பனைப் பார்த்து, "நீயே இருப்பா" என்றார். என்னைப் பார்க்கவில்லை. மதுரையில் சக்கரம் செய்து வர இரண்டு மாதமாயிற்று. அதுவரை பருத்தி மாட்டு வண்டியில் வந்தது. கூடப் போய்வரும் வேலை எனக்கு.

மன்னிப்புக் கேட்க நான் ஒரு வாரம் வார்த்தை தேடினேன். அருளப்பனே முந்திக்கொண்டு வந்து, அந்த நோட்டை வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு மாதக் கோடுகளின் கூட்டுத்தொகையைச் சொன்னேன். "அம்புட்டுத் தடவையா போட்டேன்?" என்று கேட்டுத் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வேலையை அதுவரை யாரும் எண்ணியதில்லை.

யுத்தம் முடிந்து அவர் ஒரு பஸ் கம்பெனி வேலைக்கு மனுப் போட்டபோது, அந்த எண்ணிக்கையைப் போட்டு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார். இவர் ஓட்டிய காலத்தில் ஒரு பல்லும் உடையவில்லை என்று எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீங்க ஓட்டினதையும் எழுதணும் குமாஸ்தாய்யா. இல்லன்னா அந்த மூணு பல்லும் எம்பேர்ல நிக்கும்."

நியாயம். 'நான் ஓட்டிய கால் மைல் நீங்கலாக' என்று சேர்த்துக் கையெழுத்திட்டேன். கம்பெனி மானேஜர் அந்த வரியில்தான் சிரித்தாராம். வேலை கிடைத்துவிட்டது. அருளப்பன் என் கல்யாணத்துக்கு வந்து, அந்தப் பத்திரத்தை என் மனைவியிடம் மனப்பாடமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

போன மாதம் எங்கள் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், அப்பா எப்படிப்பட்டவர் என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டார்கள். என் மனைவி காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ரொம்ப நிதானமானவுக. கால் மைல் நீங்கலாக."