ஊதுபத்தி வளைந்தால் ஐந்நூறு

புதுச்சேரியில் வீட்டு வாடகையை ஏற்றிவிட்டவர்கள் பெங்களூர்க்காரர்கள் என்று சிலர் சொல்வார்கள். சென்னைக்காரர்கள் என்று சிலர். பிரான்சிலிருந்து வருகிற பென்ஷன் பணம் என்று காப்பிக் கடையில் அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. யாருக்கும் விஷயம் தெரியாது. ஏற்றியது ஒரே ஒரு ஆள். ஒல்லி உடம்பு, உதைத்தால் மூன்றாம் உதைக்குக் கிளம்பும் ஒரு மொபெட், சட்டைப் பையில் தீப்பெட்டி, கூடவே ஒரு கட்டு ஊதுபத்தி. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு அவர் ஓர் ஊரின் வாடகையையே கூரை மேல் ஏற்றி உட்கார வைத்தார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. தெருவுக்கு அவர் ஊதுபத்தி. தொழில், வீட்டு புரோக்கர்.

செல்போனில் கேமரா வந்த புதிது. சனிக்கிழமை ஆனால் கர்நாடகா நம்பர் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வந்தவர்கள் இரண்டு நாள் கடலைப் பார்ப்பார்கள், பாட்டிலைப் பார்ப்பார்கள், ஞாயிறு மத்தியானம் ஊருக்குக் கிளம்பும்போது, "பேசாம இங்கயே ஒரு வீடு எடுத்துப் போட்டா என்ன?" என்பார்கள். அந்தக் கேள்வி வாயிலிருந்து வெளியே விழுவதற்குள் ஊதுபத்தியின் மொபெட் பக்கத்தில் வந்து நின்றிருக்கும்.

அவர் வீடு காட்டும் அழகே தனி. ஆட்களை ஹாலின் நடுவில் நிறுத்துவார். ஃபேனை அணைப்பார். ஜன்னலைத் திறப்பார். ஒரு பத்தியைக் கொளுத்தி அவர்கள் மூக்குக்கு நேராகப் பிடிப்பார். புகை நேராக மேலே போய், யோசித்து, லேசாக வளையும்.

"வளையுதா சார்? இதான் கடல் காத்து. ஒரு வளைவுக்கு ஐந்நூறு ரூபா. இந்த வூட்ல மூணு வளைவு. மீதிய நீங்களே கூட்டிக்குங்க, நான் வாயால சொல்ல மாட்டேன்."

இது பரவியதும் வீட்டுக்காரர்கள் வெள்ளையடிப்பதை விட்டுவிட்டுப் புகை வளைப்பதில் இறங்கினார்கள். சாரம் என்கிற பகுதியில் ஒரு ஓய்வுபெற்ற மில் சூப்பர்வைசர். அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பாதி ஊர் படுத்திருந்தது. அவர் என்ன செய்தார்? கதவுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனை ஒளித்து வைத்துவிட்டார். ஊதுபத்தி பத்தியைக் கொளுத்தியதும் புகை வளையவில்லை, படுத்தே விட்டது. வந்திருந்தவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், படித்தவர்.

"ஏங்க, காத்து மேற்கேயிருந்துல்ல வருது? கடல் கிழக்கே இருக்கு?"

ஊதுபத்தி கண் சிமிட்டவில்லை. "இது ரிட்டர்ன் காத்து சார். காலைல ஊருக்குள்ள போனது இப்ப கடலுக்குத் திரும்புது. போறப்பவும் உங்க வூட்டு வழி, வர்றப்பவும் உங்க வூட்டு வழி."

"அது என்ன டர்ருனு சத்தம்?"

"அலை சார்."

அவர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். நான் சிரிக்க முடியாது. எனக்குக் குருசுக்குப்பத்தில் மாடி போர்ஷன் பிடித்துக் கொடுத்தவரும் இதே ஊதுபத்திதான். என்னை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றி, கட்டைவிரலில் நிற்க வைத்து, "எட்டிப் பாரு சார், கடல் தெரியும்" என்றார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. அந்தத் துண்டுக்காக மாதம் இருநூறு கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் இரண்டு பேர் வந்து அந்தக் கடலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். தார்ப்பாய்.

கீழ்வீட்டில் மதாம். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரப் பெண்மணி என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க்காரர்தான். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெரு முழுக்க அவருக்குப் பெயர் மதாம். மகன் பாரீஸில். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிட்டு, இன்டர்நெட்டில் பார்த்த பாண்டிச்சேரி வாடகைகளை வாசித்துக் காட்டுவான். ஒரு ஞாயிறு மதாம் மாடியேறி வந்தார்.

"தம்பி, உங்கள போகச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா பையன் வுட மாட்றான். ரெண்டு மடங்கு குடுக்க ஆள் இருக்காம். மூணு மாசம் பாப்போம். ஆள் வந்தா நீங்க காலி பண்ணிக்குங்க. வரலைன்னா இதே வாடகைல இருங்க."

என் மனைவி கலாவுக்கு மூன்று சந்து தள்ளியிருந்த பள்ளியில் டீச்சர் வேலை. மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் வில்லியனூருக்கு இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை கூடக் கிடைக்காது. கலா ஒரே வாக்கியத்தில் முடித்தாள்: "புள்ளைக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போகத் தெரியாதுங்க. உங்களுக்கே தெரியாது."

ஆள் பிடிக்கும் வேலையை மதாம் யாரிடம் கொடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை. மறு சனிக்கிழமையே எங்கள் ஹாலில், எங்கள் ஃபேனை அணைத்து, எங்கள் கண் முன்னாலேயே பத்தி கொளுத்தினார். பாழாய்ப்போன புகை நாலு வளைவு வளைந்தது.

வாசலில் அவரை மறித்தேன். "அண்ணே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு சார். வாடகைக்கு வுட்டிருக்கேன்."

சரி, நானே போர் தொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆள் பார்க்க வரும் நாளெல்லாம் அடுப்பில் கருவாடு. முதல் வாரம் வந்த அம்மாள் மூச்சை ஆழ இழுத்து, "வாவ், ஆத்தென்டிக்!" என்றாள். குளியலறைச் சுவரின் ஓதத்தைக் காட்டினேன். "விண்டேஜ்!" என்றார் அவள் கணவர். கடைசி ஆயுதமாகக் கிழிந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் முறைத்தேன். என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் பாருங்கள், வந்த எட்டுக் கூட்டத்தில் ஒருவர் கூடத் திரும்பி வரவில்லை. ஹாலில் துள்ளிக் குதித்தவர்கள் கீழே இறங்கி, காரில் ஏறினால் ஏறினதுதான். "எல்லாம் என் லுங்கியோட மகிமை" என்று கலாவிடம் மார்தட்டினேன். கலா லுங்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கருவாட்டுச் சட்டியைக் கழுவப் போனாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் பீச் ரோட்டில் அந்த விண்டேஜ்காரரைப் பார்த்தேன். லுங்கியில் இல்லாததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே போய்ச் சொல்லிக்கொண்டேன்.

"உங்க வீடு சூப்பர் சார்" என்றார் வருத்தமாக. "ஆனா அந்த ப்ரேயர்தான் எங்களுக்கு ஒத்துவராது."

"எந்த ப்ரேயர்?"

விஷயம் இதுதான். மாடிப்படி இறங்கும்போது ஊதுபத்தி அவர்களிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்: "ஒரு சின்ன சமாச்சாரம் சார். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு மதாம் ஜெபமாலையோட மேல வருவாங்க. குடியிருக்கிறவங்க எல்லாரும் முட்டி போட்டு அம்பத்திமூணு மணியும் சொல்லி முடிக்கணும். விருந்தாளி இருந்தா அவங்களும். கைல கிளாஸ் இருந்தா வாங்கி ரோஜாச் செடிக்கு ஊத்திடுவாங்க. மத்தபடி தங்கமான மனுஷி."

மதாம் ஏழு மணிக்கு டிவி சீரியலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

நான் நேராக ஊதுபத்தியைத் தேடிப் போனேன். எங்கள் தெரு முனையில் மொபெட்டை இரண்டாவது உதை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எட்டுப் பேரையும் நீங்கதான் தொரத்துனீங்களா? ரெண்டு பக்கத்துக் கமிஷனும் போச்சே!"

மனிதர் அசடு வழிந்தார். வீட்டைப் பற்றிப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட போதெல்லாம் சாதாரணமாக நின்ற ஆள், இதற்குப் போய் வெட்கப்பட்டார்.

"அத வுடு சார். நான் இந்தத் தெருவுலயே பொறந்தவன், தெரியுமா? மொத மொத பத்தி கொளுத்துனது எங்க பக்கத்து போர்ஷன்லதான். நல்ல வாடகைக்கு வுட்டுக் குடுத்தேன். வூட்டுக்காரரு ஒரே பாராட்டு. மறு மாசம் அதே வாடகைய எங்கிட்டயும் கேட்டாரு. சாரத்துக்குப் போனேன். அங்கயும் நல்லா தொழில் பண்ணேன். அங்கயும் ஏறிடுச்சு. இப்ப வில்லியனூர் தாண்டி இருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம் இதே மாதிரி நல்லா தொழில் பண்ணா விழுப்புரத்துல இருப்பேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு மொபெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தெருவுல இப்ப எல்லா வூடும் எனக்குத் தெரியும் சார். எத்தன ரூம், எத்தன பாத்ரூம், எல்லாம் தெரியும். உள்ள இருக்கிறவங்க ஒருத்தரையும் தெரியல. வெயில்ல அலையறவன், ஒரு சொம்பு தண்ணி கேக்க ஒரு வூடாவது இருக்கட்டும்னு பாத்தேன்."

"அதுக்கு மேலே வந்து கேட்டிருக்கலாமே அண்ணே?"

"நீ கிழிஞ்ச லுங்கியோட படியில ஒக்காந்து மொறைக்கிற. எப்படி சார் வர்றது?"

மூன்று மாதம் முடிந்தது. மதாம் மேலே வந்து, "ஒருத்தனும் வரல தம்பி. மார்க்கெட் சரியில்லன்னு ஊதுபத்தி சொல்றான். நீங்களே இருங்க. பையன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் நடந்தே பள்ளிக்குப் போனாள்.

இன்றைக்கும் யாராவது என்னிடம், "பாண்டிச்சேரியில நல்ல வீட்டு புரோக்கர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்பதுண்டு. ஒருத்தர் இருந்தார், என்பேன். ஊரில் எந்த வீட்டையும் வாடகைக்கு விட்டுவிடுவார், ஒரே ஒரு வீட்டை மட்டும் அவரால் கடைசி வரைக்கும் வேறு ஆளுக்கு விட முடியவில்லை, அதில்தான் நாங்கள் குடியிருந்தோம்.