வாங்காததற்கு ஒரு சான்றிதழ்

அச்சகத்தில் பிழை திருத்துபவரின் சம்பளத்தைப் பாதியாக்கிய முதலாளி, அதற்கு 'ஊதியச் சீரமைப்பு' என்று பெயர் வைத்துக் கடிதம் கொடுத்திருந்தார். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லாததால் திருத்துபவரால் ஆட்சேபிக்க முடியவில்லை.

மீதிப் பாதி எப்போது போகும் என்று தெரியாது. போனால் வீடும் போகும். எனவே அதற்குள் வீட்டுக்கடனின் பாக்கியை அடைத்துவிடுவது என்று கணவனும் மனைவியும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். சலூன் ரத்து. மனைவியே முடி வெட்டினாள். இடது காதுக்கு மேல் எப்போதும் ஒரு மாடிப்படி நின்றது. தையற்கடை ரத்து. காலர் கிழிந்தால் திருப்பித் தைத்துக்கொண்டார். பட்டியலை மளிகைக்காரர் கண்ணிலேயே காட்டுவதில்லை. மொத்தச் சந்தையில் அடிபட்ட சரக்காகப் பார்த்து வாங்கினாள்.

இரண்டு வருஷத்தில் பணம் சேர்ந்தது. வங்கிக்குப் போனார்.

"எப்படிச் சேர்த்தீங்க?" என்றார் கடன் பிரிவு அதிகாரி.

"செலவு பண்ணாமத்தான்."

"ஆதாரம்?"

"செலவே பண்ணலையே சார், ஆதாரம் எங்கேருந்து வரும்?"

"வாங்கினதுக்கு ரசீது வெச்சுக்கிறீங்க இல்ல? வாங்காததுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்? பாதிச் சம்பளத்துல இவ்வளவு பணம்னா மேலிடம் என் கழுத்தைத்தான் பிடிக்கும். எங்கெங்க வாங்கலையோ, அங்கங்க ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. முத்திரையோட."

வீட்டில் மனைவி கேட்டாள். "அந்த ஆளுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

"யோசிச்சுப் பார்த்தா அதுலயும் ஒரு நியாயம் இருக்குடி."

"அப்போ உங்களுக்கும் இல்ல. கிளம்புங்க."

சலூன்காரர் அவர் தலையைப் பார்த்து அதிர்ந்துபோனார். "என்னண்ணே, எலி கடிச்சிடுச்சா? ரெண்டு வருஷமா எட்டிப் பார்க்கல, இப்போ கையெழுத்து மட்டும் வேணுமா? சரி, நீங்களே எழுதுங்க. நான் போடறேன்."

தையற்காரரும் மளிகைக்காரரும் அதையேதான் சொன்னார்கள். பேனாவைக் கையில் எடுத்ததும் அவருடைய தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. 'இவர் வாங்கவில்லை' என்று ஒரு வரியோடு விட்டால் மொட்டையாகத் தெரிந்தது. அழுத்தம் கொடுத்து எழுதினார்:

'வாடிக்கையாளர் வரத்து அறவே அற்று, வணிகம் முற்றிலும் நலிவுற்ற இக்கடையில், மேற்படி நபரும் யாதொன்றும் வாங்கவில்லை என இதனால் சான்றளிக்கப்படுகிறது.'

"அடேயப்பா, எழுத்துன்னா இது!" என்று மூவரும் முத்திரை குத்தினார்கள்.

அதிகாரிக்கும் பரம திருப்தி. கடன் அடைந்தது, பத்திரம் கைக்கு வந்தது. மனைவி அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

மறுவாரம் மூன்று கடைக்காரர்களும் வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு கடிதம், அதே வங்கியிலிருந்து. 'தாங்களே முத்திரையிட்டு ஒப்புக்கொண்டபடி தங்கள் வணிகம் முற்றிலும் நலிவுற்றுவிட்டதால், கடைக்கடன் முழுவதையும் முப்பது நாளில் செலுத்தவும்.'

"அண்ணே, மாசாமாசம் எங்க கடையில சாமான் வாங்கறதா ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க," என்றார் மளிகைக்காரர். "கடை பிழைச்சுக்கும். புள்ளகுட்டிக்காரங்க."

ஒரு வரிதான். எழுதினால் வங்கியில் கொடுத்ததெல்லாம் பொய்யாகிவிடும். பத்திரம் வந்த வழியே திரும்பிப் போகும். மனைவி கதவோரம் நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

அவருக்கு நெஞ்சு உறுத்தியது. நிஜமாகவே உறுத்தியது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"விண்ணப்பமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பரிசீலிக்கிறேன்."