நானூறு கட்டமும் ஒரு கிடாவும்

கணக்கு வராதவனால் யாருக்கும் பெரிய சேதம் கிடையாது. அவன் நாலு பேரைக் கேட்டுத்தான் ஒரு காரியத்தில் இறங்குவான். தனக்குக் கணக்கு வரும் என்று நம்புகிறவன்தான் ஆபத்தானவன். 1999-இல் அப்படி ஒருவன் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சட்டைப் பையில் கால்குலேட்டரும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சுமாகத் திரிந்துகொண்டிருந்தான். இன்றைக்கு அவனைத் தெருவில் பார்த்தால் நானே எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவேன். என்ன செய்வது, அவன் நான்தான்.

சிவிலில் டிப்ளமோ முடித்துவிட்டு, சாரம் கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சாரம் என்றதும் சவுக்குக் கம்பும் கயிறும் நினைவுக்கு வரக்கூடாது. எங்களுடையது அப்போது புதிதாக வந்திருந்த கப்லாக் சாரம். நிற்கிற குழாயில் அங்கங்கே கிண்ணம் மாதிரி இருக்கும். குறுக்குக் குழாயின் முனையை அதில் உட்காரவைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, இறுகிக்கொள்ளும். அப்படி நாலு பக்கமும் மூடினால் ஒரு கட்டம். கட்டத்தின் மேல் கட்டமாக ஏறிக்கொண்டே போகலாம்.

ஒருநாள் முதலாளி, சிமெண்ட்டைக் கொட்டிவைக்கும் கோபுரமான சைலோவின் அடியில் நின்று கூப்பிட்டார். "தம்பி, சைலோவைச் சுத்தி முப்பது மீட்டருக்குச் சாரம் ஏத்தணும். எத்தனை ஆளு, எத்தனை நாளு, கூலி என்ன ஆகும்? நாளைக்கு எழுதிக் கொடுக்கணும்."

(அதுவரை இந்தக் கேள்வியை மேஸ்திரி பிச்சமுத்துவிடம்தான் கேட்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணாந்து பார்த்து, தாடையைச் சொறிந்து, ஒரு எண்ணைச் சொல்வார். விஞ்ஞானத்துக்கு இதைவிட அவமானம் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.)

மறுநாள் காலை, குழாய் அடுக்கிவைக்கும் யார்டில் ஒரு சோதனை வைத்தேன். பன்னிரண்டு பேரை ஆறு ஆறாகப் பிரித்து, கட்டம் பூட்டச் சொல்லி, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினேன். சுத்தியல் சத்தம் கல்யாண மேளம் மாதிரி கேட்டது. ஒருவரும் பீடி பற்றவைக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கட்டத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு நிமிடம்!

"பிரமாதம் மேஸ்திரி!"

"எங்க ஆளுங்கன்னா சும்மாவாங்க சார்?" என்றார் பிச்சமுத்து, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே. "முடிஞ்சிருச்சுங்களா? ஒரு சோலி இருக்கு, கிளம்பவா?"

கிளம்பினார்கள் என்றா சொல்வது? ஓடினார்கள்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நானூறு கட்டம், கட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், இரண்டு கோஷ்டி. நாற்பது மணி நேரம்; அதாவது ஐந்து நாள். எதற்கும் இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு ஒருநாள் சேர்த்து ஆறு என்று எழுதினேன். பன்னிரண்டு ஆளுக்கு ஆறு நாள் கூலி. அடியில் கையெழுத்து, அதற்கும் அடியில் இரட்டைக் கோடு. திங்கள் தொடக்கம், சனி முடிவு.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்போது பெரம்பலூரில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெயர் தமிழ்ச்செல்வி. பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். எனக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. (பிடித்தது என்பது சின்ன வார்த்தை. அந்த வாரம் முழுக்க டீயில் சர்க்கரை இல்லை என்பதையே கவனிக்காமல் குடித்தேன்.) சிக்கல் அவளுடைய தாய்மாமன்தான். "கம்பியில தொங்குறவனுக்கா நம்ம புள்ளைய குடுக்கணும்?" என்று கேட்டு, வேன் வைத்திருக்கும் ஒருவனின் ஜாதகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம் வச்சுக்கலாங்கிறாங்க. காலையில ஒம்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள. உனக்கு வேலை முடிஞ்சிருமாடா?" என்றார் அப்பா.

"சனிக்கிழமையோட முடிஞ்சிரும்ப்பா. கணக்குப் போட்டாச்சு."

"வரலேன்னு வை, அந்த மாமன் அங்கனயே வேன்காரனை உக்கார வச்சிருவான். பாத்துக்க."

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. செவ்வாய் மத்தியானம் எனக்கு ஸ்டாப்வாட்ச் மேல் சந்தேகம் வந்தது. காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆட்கள்தான் ஓடவில்லை.

"மேஸ்திரி, அன்னைக்கு யார்டுல பன்னண்டே நிமிஷம். இப்ப இருபது, இருபத்தஞ்சுன்னு போவுதே. யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்னங்க சார், கல்லு மாதிரி இருக்கோம். அன்னைக்கு நம்ம ராசேந்திரன் மவளுக்குக் காதுகுத்து. கிடா வெட்டுனாங்க. பதினொன்னரை பஸ்ஸ வுட்டா பந்தி முடிஞ்சிரும். அதான் பறந்தோம்."

"அப்ப நான் அளந்தது?"

"எங்க பசியங்க சார்."

போதாக்குறைக்கு நான் அளந்தது தரையில். இங்கே ஒவ்வொரு குழாயையும் கயிற்றில் கட்டி மேலே இழுக்கவேண்டும். முப்பது மீட்டருக்கு அது தானாக நடந்து ஏறும் என்று நினைத்தேனோ என்னவோ, அதற்கு என் தாளில் ஒரு நிமிடம்கூட இல்லை.

புதன் சாயங்காலம் எண்ணினேன். நூற்று முப்பத்தைந்து கட்டம். முதலாளியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு அரைநாள் என்று இழுத்தேன். என் தாளை எடுத்து என் முன்னாலேயே விரித்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுங்க சார்."

"கீழ ரெட்டைக் கோடு போட்டது?"

"அதுவும்..."

"சைலோ முடியாம நீ கேட்டைத் தாண்டுனா, அப்படியே பெரம்பலூர்லயே இருந்துக்க. வேலைக்கு வராத."

வேலை போனால் பெண்ணும் போய்விடும். வேலையில் இருந்தாலும் பெண் போய்விடும். அப்போதும் பாருங்கள், நான் விஞ்ஞானத்தைக் கைவிடவில்லை. சோதனையில் என்ன நிலைமை இருந்ததோ, அதே நிலைமையை வேலையிலும் உண்டாக்கினால் அதே விடை வந்துதானே ஆகவேண்டும்?

வியாழக்கிழமை காலை எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பெரம்பலூர்ல எனக்கு நிச்சயதார்த்தம். அதுக்குள்ள சைலோவ முடிச்சிட்டா பன்னண்டு பேரும் என்கூட வர்றீங்க. பந்தியில கறி."

"பிராய்லருங்களா, ஆட்டுக்கறிங்களா?" என்றார் பிச்சமுத்து.

"நாட்டுக் கிடா."

அதன்பிறகு அங்கே நடந்ததை வேலை என்று சொல்லமுடியாது. குழாய்கள் பறந்தன. கட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு நிமிடம்கூட அதிகம் இல்லை. சனி சாயங்காலம் இருபத்தைந்து கட்டம்தான் பாக்கி. ஞாயிறு விடிந்ததும் ஏறியவர்கள் எட்டரைக்குக் கடைசிச் சுத்தியலைத் தட்டிவிட்டு இறங்கினார்கள். குளிக்க நேரமில்லை. குழாய் ஏற்றிவந்த லாரியிலேயே பதின்மூன்று பேரும் ஏறிக்கொண்டோம்.

ஒன்பதே முக்காலுக்குப் பெண் வீட்டு வாசலில் லாரி நின்றது. சாம்பல் பூத்த பதின்மூன்று உருவங்கள் குதித்தன. தாம்பாளத்தோடு எதிரே வந்தவர், இதில் மாப்பிள்ளை எது என்று தெரியாமல் சந்தனத்தைப் பிச்சமுத்துவிடம் நீட்டினார். (அவரும் பூசிக்கொண்டார்.) தாய்மாமன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனால் மணி பத்தரை ஆகவில்லை. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்கார, தட்டு மாற்றினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பந்தி போட்டார்கள். பன்னிரண்டு பேரும் முதல் வரிசை. கேசரி வந்தது. வடை வந்தது. சோறு வந்தது. சின்ன வெங்காயச் சாம்பார் வந்தது. கூட்டு வந்தது, அப்பளம் வந்தது, பாயசமும் வந்தது. பிச்சமுத்து இலையைப் பார்த்தார். வாளிக்காரன் போன திசையைப் பார்த்தார். பிறகு, முப்பது மீட்டர் உயரத்திலிருந்து கீழே பேசிப் பழகிய குரலில் கூப்பிட்டார்.

"சார்! கிடா எங்கங்க சார்?"

நாதஸ்வரம் நின்றுபோனது.

நிச்சயதார்த்தத்துக்கு எந்த வீட்டிலும் கறி சமைக்கமாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இருபத்தைந்து வருடம் இதே ஊர்களில் வளைத்து வளைத்துப் பந்தி சாப்பிட்ட எனக்கு, நானூறு கட்டத்தை எண்ணிய அவசரத்தில் அது மறந்துபோய்விட்டது.

"நல்ல காரியத்துல யாருய்யா கறி கேக்குறது?" தாய்மாமன் எழுந்துவிட்டார்.

"நாங்களா கேக்கலைங்க. மாப்ள சார்தான் நாட்டுக் கிடான்னாரு. அதுக்குத்தான் மூணு நாளா முதுகு ஒடிஞ்சோம்."

"பாத்தீங்களா மச்சான்! வந்த அன்னைக்கே சொன்ன சொல்லு சுத்தமில்ல. நாளைக்கு நம்ம புள்ளைகிட்ட என்னத்த காப்பாத்துவான்?" என்றபடி தாய்மாமன் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்தேவிட்டார்.

என் மாமனாராகப் போகிறவர் என்னைப் பார்த்தார். என் அப்பா என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிச்சமுத்து பெரிய மனது பண்ணி, "பரவால்லீங்க, சண்டை வேணாம். சாரத்தைப் பிரிக்கையில பாத்துக்குறோம்," என்றார்.

அது மிரட்டல்தான். சைலோ பூச்சு முடிந்ததும் அந்தச் சாரத்தை இவர்கள்தான் பிரிக்கவேண்டும். கறி இல்லாவிட்டால் அதை எத்தனை நாள் இழுப்பார்களோ!

அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. அதைத் தொடர்ந்து தமிழ்ச்செல்வியின் குரல்: "மறுவீட்டுக்குக் கறிதானப்பா போடுவோம்? அப்ப வரச்சொல்லுங்க. சாரம் என்னைக்குப் பிரிக்கிறாங்கன்னு கேட்டு, அதுக்கு முன்னாடி தேதியக் குறிங்க."

மாமனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பங்க பிரிப்பீங்க?" என்றார்.

பிச்சமுத்து அண்ணாந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார். "நாப்பது நாளு ஆவுங்க."

ஊரில் எல்லோரும் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கல்யாணத் தேதி குறிப்பார்கள். எனக்குச் சாரத்தைப் பார்த்துக் குறித்தார்கள். முப்பத்தாறாம் நாள் தாலி கட்டினேன். முப்பத்தெட்டாம் நாள் மறுவீட்டு விருந்தில் பன்னிரண்டு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து, சோறு வைக்கவே இடமில்லாமல் கறி வாங்கினார்கள். தாய்மாமன்தான் வாளி பிடித்தார். இரண்டு நாள் கழித்துச் சாரம் மளமளவென்று இறங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் சொல்லும் எந்த நேரத்தையும் யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனில் சொன்னால், "கறி இருக்கா, இல்லையா?" என்று என் மகள் கேட்கிறாள். இல்லை என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்கிறாள்.

போன மாதம் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட ஒருவர் வந்தார். அளந்து பார்த்துவிட்டு, "மூணே நாளுங்கம்மா, முடிச்சுக் குடுத்துடறேன்," என்றார்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "இந்த வாரம் உங்க சொந்தத்துல எங்கயாச்சும் கிடா வெட்டு இருக்கா?"

"ஆமாங்கம்மா, வெள்ளிக்கிழமை. மச்சான் வூட்ல. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அவள் வெளியே வந்து, காலண்டரில் ஆறு நாள் தள்ளி ஒரு வட்டம் போட்டாள். போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, வட்டத்துக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.