மருதாயிக்குக் கத்தி வாங்கித் தந்தவர்

தேளுக்கு மந்திரம் உண்டு, மூட்டைப்பூச்சிக்கு மருந்து உண்டு; நீங்கள் கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, “இரு, நானும் வர்றேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே இறங்கிவிடும் மனிதருக்கு மட்டும் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அவரை நீங்கள் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். கூப்பிடவே வேண்டியதில்லை. உங்களிடம் அவர் ஒரு வெற்றிலை கூட எதிர்பார்க்க மாட்டார். அதுதான் ஆபத்து.

போடிநாயக்கனூரில் இந்த இனத்துக்கு முதல் மரியாதை ராக்கையாவுக்குத்தான். நீங்கள் செருப்பு வாங்கப் போனால், அதில் தன் காலை நுழைத்து, நாலு எட்டு நடந்து, குதிகாலை ஊன்றித் திரும்பி வந்து, “கச்சிதம், கட்டச் சொல்லு” என்பார். அதைப் போட்டுக்கொண்டு நடக்கப்போவது யார்? அந்தக் கேள்வி அவருக்கு என்றுமே வந்ததில்லை.

இவர் கையில்தான் மருதாயி அகப்பட்டாள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மூன்று வருஷமாகக் காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு சுமந்தவள். உச்சந்தலையில் முடி தேய்ந்த பிறகு கங்காணி இரங்கினார். செடி கவாத்துக்கு, அதாவது ஏலச்செடியின் தூரில் காய்ந்த தழையை அறுத்துக் கழிக்கும் வேலைக்கு, அவளை மாற்றினார். “சொந்தக் கத்தி கொண்டா. இந்த மாசம் பூரா பாக்கிறேன். செடி நிரையிலே பிந்துனே, பழையபடி விறகுதான்.” அந்தச் சரிவில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வழுக்கினால் அறுபடுவது தழையாக இருக்காது. மடக்குக் கத்திதான் வேண்டும். அதுவும் மருதாயி இடக்கைக்காரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமாயன் இரும்புக் கடை திறந்ததும் போய் நின்றார்கள். ராக்கையா ஒவ்வொரு கத்தியாக எடுத்து வலக்கை நகத்தால் இழுத்துத் திறந்து, முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்து, காதருகே வைத்துச் சுண்டி, முகர்ந்து, எந்த ஊர் இரும்பு என்று விசாரித்து, சொன்ன ஊரை நம்பாமல் சிரித்து, ஏழு கத்திகளை வரிசையாக அடுக்கினார். ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர்கள் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

மருதாயி மெல்லச் சொன்னாள்: “அண்ணே, எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். சோறு திங்கத்தான் சோத்தாங்கை.”

“ஏத்தா, கத்திக்குக் கை தெரியுமா? கத்தி அறுக்கும், கை புடிக்கும். அம்புட்டுத்தான்.”

கல்லூரியில் தர்க்கம் படித்தவர்களாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூலையில் கட்டைப் பிடி போட்ட கத்தி ஒன்று கிடந்தது, உள்ளூர்க் கொல்லன் அடித்தது. அலகில் நகம் மாட்டும் பள்ளம் கிடையாது. மடக்கிய பிறகும் அலகின் முதுகு அரை விரல் அளவு வெளியே துருத்தி நின்றது. மருதாயியின் கண் அதன்மேல் போனது. ராக்கையா அதைத் தள்ளிவிட்டார்.

“இது வாயை மூடத் தெரியாத கத்தி.”

இதைச் சொன்னவர் ராக்கையா.

பிறகு தாம் தேர்ந்தெடுத்த வெள்ளைப்பிடிக் கத்தியை நீட்டினார். மருதாயி இடக்கையை நீட்டினாள்.

“இன்னும் போணி ஆகலைத்தா,” என்றார் காசிமாயன். “நல்ல கையிலே வாங்கு.”

மூன்று வயதிலிருந்து அடி வாங்கிய கை, சொன்னதும் தானாகப் பின்னால் போய்விட்டது. வலக்கையில் வாங்கி, வலக்கை நகத்தால் இழுத்தாள். டக்கென்று திறந்தது. வலக்கையாலேயே ஒரு சணலை அறுத்தாள். அறுந்தது. “எப்படி?” என்றார் ராக்கையா. “நல்லாயிருக்குண்ணே,” என்றாள். வேறென்ன சொல்வாள்? இடக்கைக்காரி கத்தி வாங்குகிறாள். இடக்கையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மலையில் இடக்கை பேசியது. அந்தக் கை நகத்தால் இழுக்கப் போனால் பள்ளம் அந்தப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு தூரிலும் கத்தியைப் புரட்டித் திறக்க வேண்டும். திறந்தாலும் நிம்மதி இல்லை. ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த வாய், வலக்கைக்குத் தழையோடு ஒட்டிப் போகும். இடக்கைக்கு விலகி ஓடியது. வலக்கைக்காரியான சோலையம்மாள் பக்கத்து நிரையை முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது மருதாயி பாதியில் நின்றாள்.

“ஏம்மா, நீ கவாத்துப் பண்றியா, செடிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியா?” என்றார் கங்காணி. “விறகு அங்கேயேதான் கெடக்கு.”

சனிக்கிழமை வரை பல்லைக் கடித்துப் பார்த்தாள். அப்புறம் வெள்ளைப்பிடிக் கத்தியைச் சோலையம்மாளுக்கு வந்த விலைக்கே கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போடிக்கு இறங்கினாள். கடைக்கு எதிரே, யாரோ ஒருவர் ஒரு பூட்டு வாங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

“போணி ஆச்சாண்ணே?”

“ஆச்சு.”

“அப்ப எங்கையிலே குடுங்க.”

கட்டைப்பிடிக் கத்தியை இடக்கையில் வாங்கினாள். துருத்திய முதுகை இரண்டு விரலால் கிள்ளி இழுத்ததும் திறந்தது. எந்தக் கையாலும் திறக்கும். வாய் இரண்டு பக்கமும் சாணை பிடித்தது. அடுத்த வாரம் நிரையில் சோலையம்மாளைத் தாண்டினாள். மாதம் முடிந்தது. கங்காணி விறகைப் பற்றிப் பேசவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் ராக்கையா அவளைப் பிடித்துக்கொண்டார். சங்கதி அவர் காதுக்கு எட்டியிருந்தது. கத்தியைக் கேட்டு வாங்கித் திறந்து, மடக்கி, சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினார். “நான் பாத்து எடுத்தது. பேசுதா இல்லையா?”

“அது ஒங்க கத்தி இல்லேண்ணே. ஒங்க கத்தி சோலையம்மாகிட்ட இருக்கு. அவளுக்கு நல்லா அறுக்குது.”

ராக்கையா ஒரு கணம்தான் யோசித்தார். “அப்ப அவளுக்கும் நாந்தான் வாங்கிக் குடுத்திருக்கேன்.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்; இதைப் படித்துக் காட்டினால் ராக்கையாவும் சிரிப்பார், வேறு யாரையோ நினைத்துக்கொண்டு. ஆனால் போன மாதம் மைத்துனனுக்குச் சட்டைத் துணி, தங்கைக்கு மாப்பிள்ளை, மகனுக்குக் கல்லூரியில் பாடம் என்று எதையோ நீங்களும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தீர்கள் அல்லவா? அவர்களும் “நல்லாயிருக்கு” என்றுதான் சொல்லியிருப்பார்கள். எந்தக் கையால் வாங்கிக்கொண்டு சொன்னார்கள்?