இரண்டு மிக்ஸும் ஒரு கண்ணீர் அஞ்சலியும்

உயிரோடு இருந்த மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டியவன் நான். விளையாட்டுக்குச் செய்யவில்லை, பகையிலும் செய்யவில்லை. அன்பினால் செய்தேன். (உங்க அன்பு படாத இடமாப் பாத்துதான் நான் உக்காருறது என்பாள் என் மனைவி.)

அந்த மனிதர் முருகேசண்ணன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் அதே கடை கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர். கொடைக்கானலில் யாரோ பங்களாவைக் காலி செய்தபோது பழைய இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கி வந்தார். அதில் ஒன்றுதான் எங்களைக் கெடுத்தது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் தெருமுனையில் நாலைந்து பையன்கள் நின்றுகொண்டு, வாயாலேயே 'டூ வாப், பாம் பாம்' என்று தாளம் கட்டிக் காதல் பாட்டுப் பாடுவார்களாம். அந்தப் பாட்டுக்கே டூ-வாப் என்றுதான் பெயர். பிற்பாடு ஒரு ராக் கோஷ்டி அந்தப் பாணியிலேயே ஒரு முழு ஆல்பம் போட்டது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களில் ஒருவராவது 'எந்த மிக்ஸ்?' என்று சண்டைக்கு வருவார். ஏனென்றால் அந்த ஆல்பத்துக்கு இரண்டு மிக்ஸ், அதாவது அதே பாட்டுகளுக்கு இரண்டு விதமான ஒலிக்கலவை. இசைத்தட்டில் வந்தது பழைய மிக்ஸ். வருஷங்கள் கழித்து சிடி போட்டபோது குரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். அது புது மிக்ஸ்.

நான் பழைய மிக்ஸ். தல்லாகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். ஜெயபால் புது மிக்ஸ். மேலூர்க்காரன், மருந்துக் கம்பெனி ரெப். மதுரை மாவட்டத்தில் இந்த ஆல்பத்துக்கு ரசிகர்கள் நாங்கள் மூன்று பேர்தான் என்று நினைக்கிறேன். மூன்று பேருக்குள் இரண்டு கோஷ்டி.

"குரலு முன்னால வந்து நிக்குது பாரு, அதான்டா பாட்டு" என்பேன் நான்.

"தகரத்தத் தட்டுன மாதிரி டிரம்ஸ வச்சுக்கிட்டுப் பேசாத மாப்ள. புதுசுல பேஸ் நெஞ்சுல வந்து விழுகுது" என்பான் ஜெயபால்.

வேலை முடிந்து சாயங்காலமானால் அந்தக் கடையில்தான் இந்தக் கச்சேரி. கல்லாவில் உட்கார்ந்து முருகேசண்ணன் யாருடைய போனுக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டே சிரிப்பார். தனக்கு எந்த மிக்ஸ் பிடிக்கும் என்று மட்டும் சொல்லவே மாட்டார். எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். "சொல்லுவோம், சொல்லுவோம். என்ன அவசரம்?" என்று டீ சொல்லிவிடுவார். அவருடைய ஒரு ஓட்டுக்காக நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் பிரச்சாரம் செய்தோம்.

அப்புறம் ஒரு நாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் ஐசியூவில் போட்டார்கள். மறுநாள் டாக்டர் வெளியே வந்து, "எங்களால முடிஞ்சதச் செய்யறோம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். முருகேசண்ணனின் மனைவி, எங்கள் மதினி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் கவிதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிஜக் கண்ணீர்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து ஜெயபால் என் காதோரம் வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "அண்ணனுக்குப் புது மிக்ஸ்தான் உசுரு, மாப்ள. போஸ்டர்ல அதப் போட்டுரணும்."

மதுரையில் ஒருவர் செத்தால் போஸ்டர் உண்டு. அதில் என்ன அச்சாகிறதோ அதுதான் அவர். கட்சிக்காரர் என்று போட்டால் கட்சிக்காரர், வள்ளல் என்று போட்டால் வள்ளல். ஜெயபால் முந்திக்கொண்டால் அண்ணன் காலத்துக்கும் புது மிக்ஸ்காரராகிவிடுவார். வாய் திறந்து மறுக்கவும் ஆள் இருக்காது. டாக்டர் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லச் சொன்னார் அல்லவா? நான் நேரே போய் அச்சகத்தில் சொன்னேன்.

'கண்ணீர் அஞ்சலி. டூ-வாப் இசையின் தூணே! பழைய மிக்ஸின் பாதுகாவலரே! எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்றாயே! இவண்: பழைய மிக்ஸ் ரசிகர் மன்றம், மதுரை.' (மன்றம் என்பது நான்.) நடுவில் அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கும் படம். "அடிச்சு மட்டும் வைங்கண்ணே, நான் போன் பண்ணுனதும் ஒட்டுனாப் போதும்" என்று அச்சகக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஆனால் என் கட்டு, ஒட்டப் போகும் மற்றக் கட்டுகளோடு சேர்ந்து போய்விட்டது. அச்சகக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கண்ணீர் அஞ்சலியை அட்வான்ஸாக அடித்து வைக்கச் சொன்ன ஆள் நான்தானே.

காலையில் எங்கள் ஆபீஸ் காம்பவுண்டு சுவரிலேயே அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் பறந்தேன். வழி நெடுக அண்ணன். பாலத்துத் தூணில், டிரான்ஸ்பார்மரில், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில், எல்லா இடத்திலும் அண்ணன் கூலிங் கிளாஸோடு.

வீட்டு வாசலில் கூட்டம். பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்கள் மாலையும் கையுமாக நின்றார்கள். தெருவை அடைத்துப் பந்தல் போடக் கம்பு இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ போஸ்டரைப் போட்டோ எடுத்து அனுப்பி, மதினியின் அண்ணன் மேலூரிலிருந்து வேன் பிடித்துச் சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். பெண்கள் இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். மதினியின் அண்ணன் கையில் ஒரு துணிக்கடைப் பை. தங்கச்சி தாலியறுக்கும்போது பிறந்த வீட்டிலிருந்து போட வேண்டிய கோடிச் சேலை.

அந்த நேரம்தான் அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுத்துப் போகக் கவிதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், மாலைகளைப் பார்த்தாள். தான் வரும் வழியில் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு முடிந்துவிட்டது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டாள். "அப்பா!" என்று ஒரே ஒரு சத்தம். அப்படியே வாசலில் விழுந்தாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அதை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் தெளித்து எழுப்பி, அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தோம். அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் தாய்மாமன் கோடிச் சேலைப் பையை வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்தார். மாலை கொண்டுவந்தவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டம் போஸ்டரில் இருந்த மன்றத்தைத் தேட ஆரம்பித்தது. மன்றம் பைக்கைத் தள்ளிக்கொண்டு நழுவியது.

ஆஸ்பத்திரியில் மதினி முன்னால் போய் நின்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தம்பி, அவுக இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்காக" என்றார். "கொஞ்சம் பொறுத்துருக்கலாம்ல?"

பக்கத்தில் நின்ற ஜெயபால், "மனுசனாடா நீ?" என்று என் சட்டையைப் பிடித்தான். இழுத்த இழுப்பில் அவன் போன் கீழே விழுந்தது. திரையில் 'கண்ணீர் அஞ்சலி. இவண்: புது மிக்ஸ் பேரவை' என்று ஒரு போஸ்டர் டிசைன். அவனாவது அதை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தான்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். டாக்டருக்கே ஆச்சரியம். வீட்டுக்கு வந்த பிறகு என்னை வரச் சொல்லி, போஸ்டரைக் கேட்டார். மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுபோய் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஜெயபாலும் ஒரு ஓரமாக நின்றான்.

"போட்டோ நல்லாருக்குடா. ஆமா, பழைய மிக்ஸுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"அப்பப் புதுசாண்ணே?" என்று ஜெயபால் குதித்தான்.

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினிதான் சொன்னார்: "அவுகளுக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காது. ஹெட்போன மாட்டி மாட்டியே போச்சு. இன்னொண்ணும் பாதிதான். எம்புட்டோ வருசமாச்சு."

"ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதாண்டா கேக்குது" என்றார் அண்ணன். "அதச் சொன்னா அப்பறம் எதுக்குடா ரெண்டு பேரும் கடைக்கு வருவீக?"

எனக்கு அழுகை வந்தது. ஜெயபால் அழவே செய்தான்.

அந்த ஐப்பசி மழையோடு அண்ணன் போய்விட்டார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் முன்னால் மதினி எனக்குத்தான் போன் செய்தார். "தம்பி, இந்தத் தடவ நெசந்தான். ஒட்டச் சொல்லிருங்க." சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

நானும் ஜெயபாலும் சேர்ந்து ஒரே போஸ்டர் அடித்தோம். மிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒட்டி என்ன? "அவருதான் அப்பவே செத்துட்டாருல்ல?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். இன்னும் சிலர் இதுவும் அந்த மன்றத்தின் வேலைதான் என்று நினைத்து வரவேயில்லை. சாரல் நனைத்த பந்தலில் வெறும் நாற்காலிகள்தான் வரிசையாகக் கிடந்தன.

இப்போது அந்த வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மதினி என்னைக் காட்டிச் சொல்லுவார்: "எங்க வீட்டுக்காரருக்கு மொதச் சாவுக்குத்தான் நல்ல கூட்டம். இந்தத் தம்பி கூட்டுனது. அதப் பாக்கத்தான் அவுகளுக்குக் குடுத்து வைக்கல." எல்லாரும் சிரிப்பார்கள், கவிதாவும் சிரிப்பாள். நானும் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு கூடவே சிரிப்பேன்.