முதல் வரிசையில் பெரியப்பா

சொங்ஜூ,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி சாங்சுவுக்கு அண்ணன் மான்சு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் தொண்ணூற்றொரு வயதுப் பெரியப்பாவும் நலம். நீயும் நலமாகவே இரு. நேரில் வரும்போது என் திட்டைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

ஊருக்கெல்லாம் நெட் போட்டுக் கொடுக்கிற நீ எனக்கு ஒரு ரௌட்டர் அனுப்பினாய். "அண்ணே, இருக்கிறது ஒரு லைன். ஆளுக்கு ஆள் இழுத்தா வீடியோ கால் திக்கும். அதுல ஒரு பட்டியல் இருக்கு, முக்கியமானதை மேல போடு, அதுக்கு முதல்ல வழி விடும்" என்றாய். முக்கியமானது எது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யார் முதலில் கரண்டியைத் தொடுவார்களோ, அந்த வரிசையையே போட்டேன். முதலில் பெரியப்பாவின் டிவி, அடுத்து என் போன், பிறகு உன் அண்ணியுடையது, வீட்டுக்கு இளையவள் என்பதால் கடைசியில் என் மகள் உன்சோலின் லேப்டாப்.

இன்று காலை அந்த லேப்டாப்பில்தான் அவளுக்குச் சம்பந்தம் பேச வேண்டியிருந்தது. பையன் வீட்டார் உல்லுங் தீவில் கணவாய் மீன் காயவைப்பவர்கள். கடல் கொந்தளித்து மூன்று நாளாகக் கப்பல் இல்லை, அதனால் வீடியோ காலிலேயே பார்த்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. நான் நம் குவாக் வம்சத்தின் முப்பது தலைமுறையைப் பற்றி ஆறு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். "அப்பா, அது மட்டும் வேண்டாம்பா" என்று உன்சோல் நேற்றே கெஞ்சினாள். நான் கேட்பேனா?

சம்பந்தி திரையில் வந்ததும் இடுப்பொடியக் குனிந்து வணங்கினேன். நிமிர்ந்தால், "போச்சுப்பா, நம்ம படம் நின்னுடுச்சு!" என்கிறாள் உன்சோல். திரை மூலையில் நான் குனிந்தபடியே இருக்கிறேன். பதிலுக்குக் குனிந்த சம்பந்தி பாதி நிமிர்ந்து பார்த்தார், நான் எழவில்லை, ஐயோ பாவம், மறுபடியும் குனிந்துவிட்டார். என் ஆறு பக்கத்தில் ஒரு வரிகூட அவர் காதுக்குப் போகவில்லை. பெரியப்பா அறைக்கு ஓடினேன். டிவியில் பாதுக் பலகை ஆட்டம், கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் பளிச்சென்று தெரிகின்றன.

"பெரியப்பா, கொஞ்சம் நிறுத்துங்க, பொண்ணு கல்யாணம்!"

"முதல் இடம் எனக்குன்னு நீதானடா சொன்னே? ஆட்டம் முடியட்டும்."

அந்த ஆட்டக்காரர்கள் ஒரு காய் வைக்கக் கால் மணி நேரம் யோசிப்பவர்கள்!

நான் கெஞ்சிக் கூத்தாடித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சம்பந்தி நாலு நிமிஷம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இவ்வளவு பணிவான மனுஷரை நான் பார்த்ததே இல்லம்மா, இந்த வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்றாராம். சந்தோஷம்தான். ஆனால் சனிக்கிழமை கப்பலேறி நேரில் வருகிறார்கள், இந்த முதுகை வைத்துக்கொண்டு நான் எத்தனை நிமிஷம் குனிந்து நிற்பது? நீ உடனே வந்து அந்த ரௌட்டரைக் கழற்றிக்கொண்டு போ.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. உனக்கு என்ன என்பதை வந்த பிறகு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன் மான்சு

பி.கு.: வராதே. உறையில் போடுமுன் உன்சோல் இதைப் படித்துவிட்டாள். நெட் நன்றாகத்தான் இருந்ததாம். நான் குனிந்த நொடியில் என் படத்தையும் குரலையும் நிறுத்தியவள் அவளேதானாம். "நீங்க பேசியிருந்தா கல்யாணம் நின்னிருக்கும்பா" என்கிறாள், என்ன நெஞ்சழுத்தம்! என் பட்டியலையும் போன வாரமே மாற்றிவிட்டாளாம். திறந்து காட்டினாள். பெரியப்பா கடைசியில் இருக்கிறார், முதலில் என் போன். "நான் தீவுக்குப் போனப்புறம் உங்க பேச்சுல ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது. அந்த ஆறு பக்கத்தையும் எனக்கு மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். அந்த ரௌட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது, நீயும்தான்.